ஸ்கேன் படமா, ஊதும் சோதனையா, நடைச் சோதனையா: கடும் கொரோனாவிலிருந்து மீண்ட வளரிளம் பிள்ளையின் நுரையீரலைக் கவனிக்கும் வழிகள்

2021ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்கு, புதுச்சேரியில் 11 நாள் ஆக்சிஜனில் கிடந்துவிட்டு அவள் மகள் திரும்பி வந்தாள். வயது 14. பிழைத்துக்கொண்டாள் என்ற நிம்மதி ஒரு நாள்தான் நீடித்தது. நுரையீரல் பழையபடி ஆகிவிட்டதா, அதை எதைக்கொண்டு தெரிந்துகொள்வது என்ற கேள்வி மறுநாளே வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது என்று ஒரு ஸ்கேன் மையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்-ரே போதும் என்றார் பக்கத்துத் தெரு மருத்துவர். ஊதிப் பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது, அதற்குப் புதுச்சேரிக்குத்தான் போகவேண்டும் என்றார் மாமாவின் நண்பர். எதுவும் வேண்டாம், வளர்கிற பிள்ளை தானாகத் தேறிவிடும் என்பது எங்கள் அம்மாவின் கட்சி. ஊரடங்கும் எல்லைச் சோதனைச் சாவடியும் இருந்த நாள்களில் இந்த நான்கையும் நாங்கள் அவசரமாகத்தான் எடைபோட்டோம். பிறகு படித்தும், மருத்துவர்களைக் கேட்டும் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர் எதிரில் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டிய வீட்டுக்காரன் நிலையிலிருந்துதான் எழுதுகிறேன். கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது என்றாலும், ஃப்ளூ போன்ற வேறு வைரஸ்களால் கடும் நிமோனியா கண்டு மீள்கிற பிள்ளைகளின் வீடுகளிலும் இதே கேள்வி எழுகிறது.

எதைத் தேடுகிறோம் என்பது தெரியாமல் எந்தச் சோதனை நல்லது என்று சொல்லமுடியாது. கொரோனா கண்ட வளரிளம் பருவத்தினரில் மிகப் பெரும்பாலோர் சாதாரணக் காய்ச்சல், இருமலோடு தேறினார்கள். மூச்சுத்திணறல் வரை போனவர்கள் சிலரே, அவர்களிலும் உடல் பருமன், நீரிழிவு, நரம்புத்தசைக் குறைபாடு போன்றவை ஏற்கெனவே இருந்தவர்களே அதிகம். 2021 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் குழந்தைகளுக்காக வெளியிட்ட நெறிமுறை, ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 விழுக்காடு இருந்தால் நடுத்தரம் என்றும், 90க்குக் கீழே போனால் கடுமை என்றும் வகுத்தது. அந்தக் கடுமையான நிலையில் நுரையீரலுக்கு நேரக்கூடியவை பல. நுண்காற்றுப்பைகளில் நீர் கோத்து, இரு நுரையீரலும் விறைத்துப் போகலாம், மருத்துவர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். நுரையீரலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். இது சிறு குழந்தைகளைவிட வளரிளம் பருவத்தினருக்கே அதிகம் நேர்கிறது. நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்து, மார்புக்கூட்டுக்குள்ளோ இதயத்தைச் சுற்றியோ கழுத்துத் தோலுக்கடியிலோ தேங்கலாம். வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியா குடியேறலாம். தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து, உடல் முழுவதும் அழற்சி கண்டு, இதயம் சோர்ந்ததால் நுரையீரலில் நீர் தேங்குகிற எம்.ஐ.எஸ்-சி என்ற நிலையும் உண்டு. அங்கே குற்றவாளி இதயமே, நுரையீரல் அதன் விளைவைச் சுமக்கிறது. பெரியவர்களிடம் அஞ்சப்பட்ட நிலையான தழும்பு, பிள்ளைகளிடம் அரிது.

இவற்றில் எது வந்தது என்பது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே வரும் ஒப்பீட்டைப் படிக்கவேண்டும்.

சி.டி. ஸ்கேனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அன்று நம் ஊர்களில் அதற்கிருந்த மதிப்பு வேறெதற்கும் இல்லை. 'ஸ்கோர் எவ்வளவு?' என்று கேட்காத உறவினர் இல்லை. நுரையீரலின் 5 மடல்களுக்கும் ஒவ்வொன்றுக்கு 5 வரை போட்டு, 25க்கு இத்தனை என்று சொல்லும் அந்த எண், பெரியவர்களின் படங்களை வைத்து உருவான ஒரு மதிப்பீடு. படம் எடுத்த நாளில் எவ்வளவு பரப்பில் நிழல் இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். பிள்ளை நடக்கும்போது மூச்சு வாங்குமா, ஆறு மாதத்தில் ஓடுவாளா என்பதற்கு அதில் விடை கிடையாது. மதிப்பெண் என்றாலே பரீட்சையாக எடுத்துக்கொள்கிற பழக்கம் நமக்கு. 25க்கு 11 என்றதும் என் அக்காள் அழுதாள், பக்கத்து வீட்டுப் பையனுக்கு 9 என்று தெரிந்து இன்னும் அழுதாள். தேறிவரும் நுரையீரலில் நிழல் மறைவது, உடம்பு தேறுவதற்குப் பல வாரம் பின்தங்கியே நடக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாதாமாதம் ஸ்கேன் எடுத்திருந்தால், நன்றாகச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்த பெண்ணை வைத்துக்கொண்டு மூன்று மாதமும் படத்தைப் பார்த்தே கலங்கியிருப்போம்.

கதிர்வீச்சைப் பற்றி அப்போது ஒரு சர்ச்சையே நடந்தது. ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்-ரேக்களுக்குச் சமம் என்று 2021 மே மாதம் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா சொன்னார். அது பழைய கணக்கு, இன்றைய கருவிகள் அவ்வளவு கதிர்வீச்சு தருவதில்லை என்று இந்தியக் கதிரியக்க மருத்துவர் சங்கம் மறுத்தது. இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு வீட்டுக்காரன் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவு இதுதான்: வழக்கமான மார்பு சி.டி. சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுத்தால் ஒன்று ஒன்றரை, ஒரு மார்பு எக்ஸ்-ரே 0.1 அல்லது அதற்கும் குறைவு. இயற்கையாகவே மனிதருக்கு ஆண்டொன்றுக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட சுமார் 10 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான ஆய்வு, 10,000 பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்தால் அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் காரணமாக ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்று கணித்தது. தேவை இருக்கும்போது ஒரு ஸ்கேனுக்குத் தயங்குவதற்கான எண் அல்ல அது. தேவையே இல்லாமல் மூன்று நான்கு எடுப்பதைத் தடுக்கப் போதுமான எண். வளர்கிற பெண் பிள்ளையின் மார்புத் திசு கதிர்வீச்சுக்கு இன்னும் மென்மையானது என்பதையும் இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். மேலே சொன்ன மத்திய அரசு நெறிமுறையும் பிள்ளைகளுக்கு மார்பு ஸ்கேனை அளந்தே பயன்படுத்தச் சொன்னது.

இருந்தும் சி.டி.யை ஒதுக்கிவிட முடியாத இடங்கள் உண்டு. திடீரென்று மார்புவலியும் மூச்சிரைப்பும் வந்தால், அல்லது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், ரத்த உறைவா என்று பார்க்க நரம்பில் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி.தான் வழி. அங்கே எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது என்பது ஆறுதலே ஆகாது. ரத்த உறைவைத் தேடச் செய்யும் டி-டைமர் என்ற ரத்தச் சோதனை, அழற்சி இருக்கும்வரை எப்படியும் உயர்ந்தே காட்டும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. நுரையீரலில் சீழ்க்கட்டியோ குழியோ இருக்கும் என்று சந்தேகம் வந்தாலும், மூன்று மாதம் கழித்தும் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே இருந்தாலும், ஊதும் சோதனையில் கொள்ளளவு குறைந்தே நின்றாலும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அப்போதும் குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுக்கமுடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

எக்ஸ்-ரேயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலிவு, எந்த ஊரிலும் உண்டு, காற்றுக்கசிவையும் நீர் தேக்கத்தையும் பெரிய நிழலையும் காட்டிவிடும், நுண்ணிய மாற்றங்களைக் காட்டாது. பிரிட்டனின் மார்புநோய் மருத்துவர் சங்கம் 2020இல், கொரோனா நிமோனியா கண்ட பெரியவர்களுக்கு 12ஆவது வாரத்தில் ஓர் எக்ஸ்-ரே எடுத்து, அது தெளிவாக இல்லாதவர்களை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பச் சொன்னது. அந்த வரிசை எனக்கு நியாயமாகப் படுகிறது. கடும் நோய் கண்ட 15 வயதுப் பையனுக்கு அதைவிடக் கூடுதலாகப் படமெடுக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஊதும் சோதனைதான் இந்த ஒப்பீட்டில் அதிகம் பேசப்படவேண்டியது, வீடுகளில் குறைவாகப் பேசப்பட்டதும் அதுவே. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மருந்துக்கடையில் வாங்கும் மூன்று பந்துக் கருவிக்கும் ஸ்பைரோமீட்டர் என்றுதான் பெயர். அது மூச்சுப்பயிற்சிக்கானது, சோதனைக்கானது அன்று. அதிலும் பந்தை ஏற்ற வாயால் உறிஞ்சவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுக்க அதை ஊதிக்கொண்டிருந்தோம். மருத்துவமனையில் செய்யும் ஸ்பைரோமெட்ரியில், முழு மூச்சை இழுத்து, வாயில் குழாயைக் கவ்வி, இருக்கும் காற்றையெல்லாம் வேகமாக ஊதி, காலியாகும்வரை நிறுத்தாமல் இருக்கவேண்டும். நம்பத்தக்க மூன்று ஊதல்கள் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறியது எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு அளவுகளைக்கொண்டு, மூச்சுக்குழாய் இறுக்கமா, நுரையீரலே சுருங்கியிருக்கிறதா என்று பிரித்தறியலாம். நோய்க்குப் பின் மூச்சு வாங்குகிறது என்று வரும் பிள்ளைகளில் சிலருக்கு, முன்பே இருந்து கவனிக்கப்படாத ஆஸ்துமாதான் காரணமாக இருக்கும். ஸ்கேனில் தெரியாத அந்தச் சங்கதி இதில் தெரியும். அதற்கு இன்ஹேலர் மருந்தும் உண்டு.

காற்று உள்ளே போகிறது என்பதால் ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்கிறது என்று ஆகிவிடாது. அதை அளக்க, மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒருமுறை இழுத்து, பத்து விநாடி அடக்கி, வெளியே விடும் டி.எல்.சி.ஓ. என்ற சோதனை இருக்கிறது. ஏ.ஆர்.டி.எஸ். வரை போய் வந்த பிள்ளைக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. ரத்தசோகை இருந்தால் இந்த அளவு குறைந்தே காட்டும். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கும்போது, ஹீமோகுளோபின் அளவைச் சேர்த்துத் திருத்திக்கொள்ளாமல் நுரையீரல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது பெரும் பிழையாகிவிடும். அன்றே ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

வளரிளம் பருவத்துக்கே உரிய இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. பெரியவருக்குச் சென்ற ஆண்டு 3 லிட்டர், இந்த ஆண்டும் 3 லிட்டர் என்றால் நல்ல சேதி. 13 வயதுப் பையனுக்கு அது நல்ல சேதி அன்று. வளர்ச்சியின் உச்சத்தில் ஆண் பிள்ளைகள் ஆண்டுக்கு 8, 9 சென்டிமீட்டர்கூட உயர்கிறார்கள். உயரத்தோடு நுரையீரலும் பெருக வேண்டும். லிட்டர் கணக்கு அப்படியே நின்றால், உயரத்துக்கு ஏற்ற அளவிலிருந்து அவன் பின்தங்குகிறான் என்றே பொருள். எனவே ஒவ்வொரு முறையும் செருப்பில்லாமல் உயரம் அளந்து, எதிர்பார்ப்பில் எத்தனை விழுக்காடு என்று பார்த்து ஒப்பிடவேண்டும். சோதனை அறிக்கையில் உயரம் போன தடவை எழுதியதே இருந்தால், திருப்பிக் கொடுத்து அளக்கச் சொல்லலாம். எங்கள் பெண்ணுக்கு ஒருமுறை அப்படித்தான் நேர்ந்தது. நுரையீரலில் காற்றுக்கசிவு கண்ட பிள்ளைகளுக்கு மட்டும் இந்தச் சோதனை உடனே கூடாது. வேகமாக ஊதும் அழுத்தத்தில் ஆறின இடம் மீண்டும் திறக்கலாம். எக்ஸ்-ரேயில் முழுக்க ஆறியது தெரிந்து, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே ஊதவேண்டும்.

நடைச் சோதனைக்குச் செலவே இல்லை. மருத்துவமனையில் செய்யும் முறையில் 30 மீட்டர் நீளத் தாழ்வாரத்தில் 6 நிமிடம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம், ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, நாடித்துடிப்பு எவ்வளவு ஏறியது என்று குறிப்பார்கள். 2021 ஜூன் நெறிமுறை 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெற்றோர் மேற்பார்வையில் வீட்டிலேயே இதைச் செய்யச் சொன்னது. நடந்த பின் 94க்குக் கீழே போனாலோ, 3 முதல் 5 புள்ளி இறங்கினாலோ, தலை சுற்றினாலோ மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. அது நோய் நடக்கும்போது மறைந்திருக்கும் ஆபத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னது. தேறிவரும் காலத்தில் அதே நடை வேறொரு வேலை செய்கிறது: மூச்சு வாங்குவது நுரையீரலாலா, வாரக்கணக்கில் படுத்துக் கிடந்த சோர்வினாலா என்று பிரித்துக் காட்டுகிறது. ஆக்சிஜன் 97இலேயே நின்று, நாடி மட்டும் 140க்கு ஓடினால் பெரும்பாலும் அது தசைச் சோர்வு. ஆனாலும் எம்.ஐ.எஸ்-சி கண்ட பிள்ளையாக இருந்தால் இதயத்தைப் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிடக்கூடாது. நாங்கள் மொட்டை மாடியில் கயிறு பிடித்து 15 மீட்டர் அளந்து, போகவர நடக்கவிட்டோம். வெயிலுக்கு முன், காலை 6 மணிக்கு.

பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. கருத்த தோல் உடையவர்களுக்கு அது உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நம் பிள்ளைகளுக்கு 94 என்று காட்டினால் அதை 94 என்று எண்ணி நிம்மதியடைவதைவிட, முதல் நாள் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பதே பாதுகாப்பு. நகப்பூச்சையும் துடைத்துவிட வேண்டும். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் கட்சிக்கும் நியாயம் செய்யவேண்டும். முன்பு ஆரோக்கியமாக இருந்து, சாதாரண நிமோனியா கண்டு நன்றாகத் தேறிய குழந்தைக்கு மறு எக்ஸ்-ரே எடுக்கும் வழக்கமே வேண்டாம் என்பதுதான் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல். மருத்துவமனைக்கே போகாமல் தேறிய பிள்ளையை வரிசையாகச் சோதனைக்கு இழுப்பது வீண். அம்மா தவறியது ஓரிடத்தில்தான்: அதிவேக ஆக்சிஜன் கருவி வரை போய் வந்த பிள்ளையும், வீட்டில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளையும் அவர் கணக்கில் ஒன்றாகிவிட்டார்கள்.

சும்மா இருப்பதில் இருக்கும் உண்மையான ஆபத்து தழும்பு அன்று, காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால், அதைக் கொரோனாவின் மிச்சம் என்று தள்ளிவிடுவது நம் ஊரில் மிக எளிது. கடும் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பக்கூடிய மருந்து அது. சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் சிபிநாட் சோதனைக்கு அனுப்ப அரசு மருத்துவமனைகளில் காசு கிடையாது. ஸ்கேனுக்கும் ஊதும் சோதனைக்கும் முன்னால் நிற்கவேண்டிய சோதனை, இந்த அறிகுறிகள் உள்ள பிள்ளைக்கு இதுவே. ஊதும் கருவியில் காசநோயாளி ஊதினால் அடுத்தவருக்குப் பரவக்கூடும் என்பது இன்னொரு காரணம்.

எங்கே போவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. எக்ஸ்-ரே, சளிச் சோதனை, ஹீமோகுளோபின், நடைச் சோதனை இவ்வளவுக்கும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையைத் தாண்டிப் போகவேண்டிய அவசியமே இல்லை. தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி அருகில். டி.எல்.சி.ஓ., குழந்தை இதய மருத்துவர், நுரையீரல் நோய்த் துறை ஆகியவை ஒரே வளாகத்தில் வேண்டுமானால்தான் கோரிமேடு ஜிப்மர் வரை போகும் அலைச்சலுக்குப் பொருள் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான் என்றாலும், காலையில் ஓ.பி. சீட்டு வாங்க, பேருந்து நிலையத்திலிருந்து மீண்டும் ஒரு டவுன் பஸ் பிடிக்க என்று ஒரு நாள் முழுதும் போய்விடும். அன்றாடக் கூலிக் குடும்பத்துக்கு அது ஒரு நாள் சம்பளம். 14, 15 வயதுப் பிள்ளை குழந்தைகள் பிரிவா, பெரியவர் பிரிவா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகாமல் நாங்கள் ஒரு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, பிறகு மற்றொரு வரிசைக்கு மாறினோம். ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, குறுந்தகட்டையும் எடுத்துப் போகவேண்டும். அது இல்லையென்றால் மறுபடி எடுத்து வரச் சொல்ல வாய்ப்பு உண்டு.

இவ்வளவையும் வைத்து எங்கள் வீடு கடைசியில் தேர்ந்தது இது. முதல் ஆறு வாரம் மொட்டை மாடி நடையும் ஆக்சிமீட்டரும் மட்டும். ஆறாவது வாரம் கடலூரிலேயே மருத்துவர் பார்வை, ஹீமோகுளோபின். 12ஆவது வாரம் ஓர் எக்ஸ்-ரே, புதுச்சேரியில் ஸ்பைரோமெட்ரி, டி.எல்.சி.ஓ. இவற்றில் ஒன்று பழுதாக வந்தால் சி.டி. என்று வைத்திருந்தோம், வரவில்லை. ஆறு மாதத்தில் உயரம் அளந்து மறுபடி ஊதினாள்.

இதே வரிசை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. எம்.ஐ.எஸ்-சி கண்டவர்களுக்கு இ.சி.ஜி.யும் எக்கோவும் முதலில், விளையாட்டுக்கு 3 முதல் 6 மாதம் தடை, இதய மருத்துவர் அனுமதித்த பிறகே ஓட்டம். ரத்த உறைவு கண்டவர்களுக்கு மருந்தை எப்போது நிறுத்துவது என்ற முடிவு நாள்காட்டியைப் பார்த்து வீட்டில் எடுக்கவேண்டியது அன்று. காற்றுக்கசிவு கண்டவர்களுக்கு எக்ஸ்-ரேயில் முழுதும் ஆறி ஒரு வாரமாவது கழியும்வரை விமானப் பயணம் கூடாது. கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி மீனவர் குப்பங்களிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு, மற்ற ஊர் மருத்துவர்கள் கேட்க நினைக்காத ஒன்றையும் நாமே கேட்டுவிட வேண்டும்: கடலில் மூழ்கும் பழக்கம் உண்டு என்று சொல்லி, அது இனி ஆகுமா என்று. தானாகக் காற்றுக்கசிவு வந்த நுரையீரலோடு சிலிண்டர் கட்டி ஆழ்கடலில் மூழ்குவதை, இரு பக்கமும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாலொழிய, வாழ்நாள் முழுதும் தவிர்க்கச் சொல்வதே மருத்துவ வழக்கம். நோயின்போது கசிவு கண்டு ஆறிய பிள்ளைக்கு விடை சற்று மாறலாம். அந்த ஒரு கேள்விக்காக ஒரு சி.டி. எடுக்கச் சொன்னால், மறுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.